மலச்சிக்கல் வேற, வயித்து வலி வேற



வண்டலூர் பக்கம் ஃபிளாட் வாங்கி வந்திருக்கிற சென்னைக்காரங்க என்கிட்ட பயிரைப் பத்தி கேட்கிறதைவிட வயித்தைப் பத்திக் கேட்கிறதுதான் அதிகம். "அண்ணே, மூணு நாளா சரியா போகல, கிராமத்து வைத்தியம் ஏதாவது சொல்லுங்க"ன்னு ஒருத்தர். "பையனுக்கு வயிறு வலிக்குது, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?"ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைக் கேட்கிற மாதிரி நினைச்சுக்கிறாங்க. அது ஒண்ணு இல்ல. முதல் கேள்விக்கு வீட்டுலயே பதில் இருக்கு. ரெண்டாவது கேள்விக்கு என் பதில், "கொடுக்காதீங்க." ஏன்னு இன்னைக்குச் சொல்லிடறேன்.

மாடு வளர்க்கிறவன் காலையில எழுந்ததும் முதல்ல பார்க்கிறது சாணியைத்தான். இளகலா இருக்கா, கெட்டியா இருக்கா, போட்டுச்சா போடலையான்னு பார்த்தாலே மாட்டோட நிலைமை தெரிஞ்சிடும். பச்சைப்புல் இல்லாம வெறும் காஞ்ச வைக்கோலைப் போட்டு, தண்ணியும் சரியா காட்டலன்னா சாணி இறுகிடும். வைக்கோல் முழுக்க நார்தான். ஆனா தண்ணி சேராத நாரு உதவாது.

மனுசனுக்கும் அதே கணக்குதான். நாம சாப்பிட்ட சக்கை பெருங்குடலுக்கு வந்ததும் அது தண்ணியை உறிஞ்சிக்கும். எவ்வளவு நேரம் உள்ள தங்குதோ அவ்வளவு காயும், இறுகும். தினமும் போனாத்தான் ஆரோக்கியம்னு ஒரு பயம் நம்ம ஆளுங்களுக்கு இருக்கு. ஒரு நாளைக்கு மூணு தடவை போறவரும் உண்டு, வாரத்துக்கு மூணு தடவை போறவரும் உண்டு. முக்காம, வலியில்லாம போனா ரெண்டுமே சரிதான். இறுகி, முக்கி, போயும் போகாத மாதிரி இருந்தாத்தான் அது மலச்சிக்கல்.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல தட்டைப் பாருங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி, தீட்டின வெள்ளை அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்ல. கேழ்வரகிலயும் கம்புலயும் 11 கிராமுக்கு மேல இருக்கு. காலையில இட்லி, மத்தியானம் வெள்ளைச் சோறு, ராத்திரி தோசைன்னு சாப்பிட்டா மூணு வேளையும் அரிசிதான். நெல் போடுறவன் நானே சொல்றேன், ஒரு வேளையை கேழ்வரகு கூழுக்கோ கம்பங்கூழுக்கோ விட்டுக் கொடுங்க. சோத்துல கொஞ்சம் குறைச்சு, அந்த இடத்துல அரைக்கீரையோ சிறுகீரையோ முருங்கைக்கீரையோ வைங்க. கொட்டையோட ஒரு கொய்யா, சுண்டல், தோலோட பச்சைப்பயறு, இதெல்லாம் விலை அதிகம் இல்லாத மருந்து. ஒரே நாள்ல அள்ளிக் கொட்டாதீங்க, வயிறு உப்பிக்கும். ஒரு வாரம், பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. கூடவே தண்ணி. இசப்கோல் வாங்கிக் குடிக்கிறவங்களும் இதை மனசுல வைங்க. தண்ணி பத்தலன்னா அதுவே உள்ள போய் இறுகிக்கும்.

ரெண்டாவது நேரம். காலையில சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அது உடம்போட ஏற்பாடு. அந்த நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி உட்காருங்க. எங்க தலைமுறை குந்தி உட்கார்ந்தே பழகினது. அப்படி உட்காரும்போது கீழ்க்குடலோட வளைவு நேராகி சுலபமா போகும். வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட்தான்னா, காலுக்குக் கீழ ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் உயர்ற மாதிரி உட்காருங்க. செல்போனை வெளியில வெச்சுட்டுப் போங்க.

மூணாவது, அடக்கறது. இதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல்ல ஒன்றரை மணி நேரம் நிக்கிறவங்க, கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி ராத்திரி பூரா போறவங்க, வழியில நல்ல கழிப்பறை இருக்காதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. பொம்பளைங்க பாடு இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துல கக்கூஸ் நாறுதுன்னு புள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு வருது. அடக்க அடக்க இறுகும், இறுகினது வலிக்கும், வலிக்குதேன்னு புள்ளை மறுபடியும் அடக்கும். இந்த சுத்துக்கு எந்தச் சூரணமும் மருந்து இல்ல. சுத்தமான கழிப்பறைதான் மருந்து. பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம் நடந்தா மார்க்கைக் கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

இப்போ மருந்துக்கு வரேன். "இரவில் ஒரு ஸ்பூன், காலையில் கலகல, நூறு சதவீதம் இயற்கை"ன்னு விளம்பரம் வருதே, அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பலதுல நிலாவிரை இருக்கும். நிலவாகைன்னும் சொல்வாங்க. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி சீமையில மானாவாரியா விளையற செடி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 'திருநெல்வேலி சென்னா'ன்னு பேர் வாங்கி, தூத்துக்குடி துறைமுகம் வழியா உலகம் பூரா போகுது. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சென்னா இருக்கு. அதனால அதைக் குறை சொல்ல மாட்டேன். அதோட சத்து பெருங்குடலுக்குப் போய், அங்க இருக்கிற நுண்ணுயிர் அதை மாத்தின பிறகுதான் வேலை செய்யும். 6 மணியிலிருந்து 12 மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பிட்டா காலையில போறது அதனாலதான்.

ஆனா அது மருந்து, சாப்பாடு இல்ல. என்னைக்கோ ஒரு நாள் எடுக்கலாம். மாசக்கணக்குல தினமும் எடுத்தா பேதியாகி, உடம்புல இருக்கிற பொட்டாசியம் மாதிரி உப்புச்சத்தெல்லாம் இறங்கிடலாம். அதைவிட, எதனால சிக்கல் வந்துச்சுங்கறதை அது மூடி மறைச்சிடும். இரும்புச்சத்து மாத்திரை, சில பிரஷர் மாத்திரை, தைராய்டு குறைவு, இதுங்களாலயும் மலச்சிக்கல் வரும். நம்ம சித்த மருத்துவமே பேதிக்குச் சாப்பிடறதை நாலு மாசத்துக்கு ஒரு தடவைன்னுதான் வெச்சிருக்கு. கணக்குப் பாருங்க, வருஷத்துக்கு மூணு. தினம் ஒரு ஸ்பூன்னு எந்தச் சித்தரும் சொல்லல, டப்பாக்காரர்தான் சொல்றார். சித்த மருத்துவம்தான் வேணும்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு, 2005லிருந்து நடக்குது. டாக்டரைப் பார்த்துக் கேளுங்க, டிவியைப் பார்த்துக் கேட்காதீங்க.

இனிமேதான் முக்கியமானது.

எங்க ஊர்ல பழைய ஆயாக்களுக்கு வயித்து வலின்னாலே கை விளக்கெண்ணெய்க்குத்தான் போகும். "உள்ள ஏதோ அடைச்சிருக்கு, தள்ளிட்டா சரியாயிடும்"னு நெனைப்பு. சாப்பிட்டது சேராம வாயு பிடிச்ச வலின்னா ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, பெருங்காயம் போட்ட மோர், இதுல பல பேருக்கு இதமா இருக்கும். பாதகம் இல்ல. ஆனா பேதி மருந்து அப்படி இல்ல. அது குடலைப் பிடிச்சு முறுக்கித் தள்ளும்.

குடல்வால் வீங்கியிருக்கும்போது அப்படித் தள்ளினா என்ன ஆகும்? வீங்கினது உடைஞ்சு, சீழ் வயிறு பூரா பரவலாம். அப்புறம் உயிர் போராட்டம்தான். இந்த வலி பெரும்பாலும் தொப்புள் பக்கம் ஆரம்பிச்சு, சில மணி நேரத்துல வலது பக்க அடிவயித்துக்கு இறங்கும். பசிக்காது, வாந்தி வரும், லேசா காய்ச்சல் இருக்கும். சில பேருக்கு ரெண்டு நாளா வெளிக்கும் போயிருக்காது. வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது சாதாரண மலச்சிக்கல் மாதிரியே தெரியும். ஏமாந்து போறது அங்கதான். 1886இல் அமெரிக்காவில் ரெஜினால்ட் ஃபிட்ஸ்ங்கற டாக்டர் இந்த நோய்க்கு அப்பென்டிசைட்டிஸ்னு பேர் வெச்சு, சீக்கிரமே ஆபரேஷன் செய்யணும்னு எழுதினார். ஏறக்குறைய நூத்து நாப்பது வருஷம் ஆச்சு. இன்னும் நாம எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம்.

அதனால, கீழே சொல்றதுல எது ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி இல்லன்னா 108க்கு அடிங்க. விடாம கூடிக்கிட்டே போற வலி. தொட்டாலே துள்ற வலி. வலியோட காய்ச்சல், வாந்தி. வயிறு உப்பி, காத்துகூடப் பிரியாம இருக்கறது. மலத்துல ரத்தம், இல்ல கரி மாதிரி கறுப்பு. ஐம்பது வயசுக்கு மேல திடீர்னு வந்த மலச்சிக்கல், காரணமில்லாம எடை குறையறது. மேல்வயித்துல வலிச்சு வேர்த்துக் கொட்டுதுன்னா அதை "கேஸ்"னு சொல்லி சோடா குடிக்காதீங்க. மாரடைப்பும் அப்படித்தான் வரும்.

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம், கர்ப்பப்பை சுருங்க ஆரம்பிச்சிடலாம். பச்சைக் குழந்தைக்கு மூக்குலயோ தொண்டையிலயோ எண்ணெய் விடற பழக்கமும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா ஆகிடும்.

கிராமத்து வைத்தியம்னா எல்லாமே நல்லதுன்னு நீங்க எங்களைத் தலையில தூக்கி வைக்க வேண்டாம். எல்லாமே மூடநம்பிக்கைன்னு ஒதுக்கவும் வேண்டாம். கூழையும் கீரையையும் தாராளமா எங்ககிட்ட இருந்து எடுத்துக்கோங்க. வலிக்கு மட்டும் டாக்டர்கிட்ட போங்க. மாட்டுக்கு வயிறு உப்பினா நாங்களே கால்நடை டாக்டருக்குத்தான் போன் போடறோம். மனுசனுக்குப் போட யோசிக்கலாமா?