உளி பிடிப்பது இழிவா?

மலேசியத் தமிழர் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் அறிவுரை ஒன்றுண்டு. கையால் உழைத்துத் தேய்ந்தது போதும், இனிப் பிள்ளைகள் மூளையால் உழைக்கட்டும் என்பதே அது. தோட்டப்புறத்துத் துயரங்களைக் கண்டும் பட்டும் வந்தவர் இதைச் சொல்லும்போது அதன் நியாயத்தை மறுப்பார் எவருமிலர். ஆயின், அந்த அறிவுரை நாளடைவில் வேறொன்றாகத் திரிந்துவிட்டது. கட்டாயத்தின்பேரில் கூலிக்குச் செய்த வேலையை வெறுக்கத் தொடங்கிய சமுதாயம், காலப்போக்கில் கையையே வெறுக்கக் கற்றுக்கொண்டது. ஓய்வு நாளில் ஒரு பையன் மரத்துண்டொன்றைக் கையிலெடுத்துச் சீவத் தொடங்கினால், “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?” என்ற கேள்வி வீட்டிலிருந்தே எழுகிறது. பள்ளியும் அக்கேள்விக்குத் தலையசைக்கிறது. இந்த வெறுப்பினால் இழப்பு கைத்தொழிலுக்கு மட்டும் என்று எண்ணினால் அது தவறு. இழப்பு தமிழுக்கும் உண்டு.

இதனை விளக்க, பலருக்கு விந்தையாகவும் சிலருக்கு வெறுப்பாகவும் தோன்றக்கூடிய ஒரு பொழுதுபோக்கை எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர், பேராசிரியர், பொறியாளர் எனப் பல துறையினர், மரத்தாலான புகைக்குழாய்களைத் தாமே செய்வதையும் பழுதுபட்டவற்றைச் செப்பனிடுவதையும் ஓய்வுநேர வேலையாகக் கொண்டுள்ளனர். அக்குழாய்க்குத் தமிழில் சுங்கான் என்ற நல்ல சொல் உண்டு. அகராதியில் உண்டு, மாணவர் நாவில் இல்லை.

சுங்கான் செய்வது எளிய வேலையன்று. அதன் கிண்ணத்துக்குப் பெரிதும் பயன்படுவது, நடுநிலக்கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரத்தின் அடிக்கட்டை. வேருக்கும் தண்டுக்கும் இடையே மண்ணுக்குள் முடிச்சாகத் திரண்டு கிடக்கும் அக்கட்டையைத் தோண்டியெடுத்து, பல மணி நேரம் நீரில் வேகவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் உலரவிடுவர். மற்ற மரங்கள் பலவும் கருகிப்போகும் சூட்டை அது தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டின் சான் குளோத் என்னும் மலையூர் இத்தொழிலால் பெயர் பெற்றது. உலர்ந்த கட்டையில் செய்பவர் இரண்டு துளைகள் இட வேண்டும். மேலிருந்து இறங்கும் அகன்ற துளை புகையிலைக்கு. பக்கத்திலிருந்து செல்லும் நுண்துளை புகைக்கு. நுண்துளை சென்று முடியும் இடம் அகன்ற துளையின் அடிமட்டமாகவே இருத்தல் வேண்டும். சற்றே உயர்ந்தாலும் அடியில் ஈரம் தேங்கும். புகையிலை முழுதும் எரியாது. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இரண்டு கோடுகள் சந்திப்பதை வெளியே நின்று கணித்துத் துளையிடும் இவ்வேலையில் வடிவகணிதம் இல்லையென்று யார் சொல்லக்கூடும்?

செப்பனிடுவோர்க்கு வேண்டிய பொறுமையோ இன்னும் பெரிது. கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரித்தோடு மெல்லியதாக இருக்கும்வரை மரத்தைக் காக்கும். தடித்துவிட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். ஆகவே முழுதும் சுரண்டிவிடாமலும் மிஞ்சவிடாமலும் அதை அளவறிந்து நீக்க வேண்டும். காம்பில் விரிசல் கண்டால் வெள்ளிப் பூண் கட்டுவர். உலக்கைக்குப் பூண் கட்டிய இனத்துக்கு இது புரியாத வேலையன்று.

வாயில் வைக்கும் குழலைப் பற்றிப் பேசும்போதோ கோலசிலாங்கூர் வட்டாரம் நினைவுக்கு வந்தே தீர வேண்டும். ஏனெனில், நல்ல சுங்கான்களின் வாய்க்குழல் நெடுங்காலமாக எபொனைட்டு என்னும் கடின ரப்பரால் ஆகி வந்துள்ளது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். கடின ரப்பருக்கு அவர் உடன்பிறந்தாராகிய நெல்சன் 1851இல் பெற்றார். சாதாரண ரப்பர்ப் பொருளில் நூற்றுக்குச் சில பங்கே சேரும் கந்தகம் கடின ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை சேரும். கருங்காலியைப்போல் கறுத்து மின்னும் அக்குழல் வெயிலில் நெடுநாள் கிடந்தால், கந்தகம் வெளிப்பட்டுப் பசுமஞ்சளாக நிறம் மாறிக் கசக்கும். அதை நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவதே செப்பனிடுவோரின் அன்றாட வேலை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகுக்கு மிகுதியாக ரப்பர் அனுப்பிய நாடு மலாயா. எனவே, சீமையில் எவரோ பல்லிடுக்கில் கடித்திருந்த கருங்குழலிலும் தமிழர் விடியலுக்கு முன் எழுந்து இறக்கிய பால் கலந்திருந்ததில் வியப்பில்லை. இறக்கியவர் அதை அறிந்தாரல்லர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வாரும் அரியர்.

அந்தப் பாலை இறக்கிய கை என்ன கல்லாத கையா? பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவர், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சரிவாகச் சீவ வேண்டும். சற்று மேலோடினால் பால் வராது. சற்று ஆழ்ந்தால் மரம் புண்படும், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இதை நெற்றி விளக்கின் ஒளியில், நிரை நிரையாக, நாளொன்றுக்கு 400, 500 மரங்களில் செய்தனர் ஆடவரும் பெண்டிரும். சுங்கான் செதுக்கும் சீமைப் பேராசிரியருக்கு வாய்க்காத கைத்திறம் அது. அத்திறத்தைக் கூலி என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டு, அதன் வழிவந்தோர் வெட்கித் தலைகுனிவது எவ்வளவு பெரிய பேதைமை!

கித்தா மரத்தின் கதையையே முழுதும் நோக்கினால் இன்னும் தெளிவு பிறக்கும். 25, 30 ஆண்டுகளில் பால் ஓய்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்து எரித்தனர். அடுப்புக்கும் செங்கற்சூளைக்கும் ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாக்கினர். மாவுப்பொருள் நிறைந்த அம்மரத்தில் பூசணமும் வண்டும் விரைந்து ஏறுவதால் அது பலகைக்கு உதவாது என்றே கருதப்பட்டது. பின்னர், போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவவே, 1980களில் அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பலேறியது. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் மரத்தளவாடத் தொழிலால் செழித்தது. அம்மரத்தோடு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவருள் அதில் ஒரு முக்காலியேனும் செய்து பார்த்தவர் எத்தனைபேர்? தொழிலாளரைக் குறைகூற இடமில்லை. மரமும் அவருடையதன்று, நிலமும் அவருடையதன்று, பொழுதும் அவருடையதன்று. ஆனால் அவருக்குப் பின் படித்து, பட்டம் பெற்று, பொழுதுக்கும் உரியவரானவர் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

இனித் தமிழ் வகுப்புக்கு வருவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. பாளை, மடல், ஓலை, குலை ஆகியவை புல்லுக்குரிய உறுப்புப் பெயர்கள். இதை மனனம் செய்யாத தமிழாசிரியர் இலர். புஞ்சாக் ஆலாமிலிருந்து ஈஜோக் வழியாகப் பெஸ்தாரி ஜெயா செல்லும் வட்டாரத்தில் அந்த நூற்பாவுக்கு உரை எழுதிவைத்தாற்போல் செம்பனைகள் நிற்கின்றன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரோடு விளங்கிய அந்த ஊர் பெஸ்தாரி ஜெயா ஆனது 2007இல். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். அவர் எழுத்தாளருமாவார், மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவர். மரம் என்று பெயர் தாங்கிய தோட்டத்தில் ஊன்றப்பட்டதோ தொல்காப்பியர் கணக்கில் புல்! தென்னையும் அதே இனமே என்பது வேறு செய்தி. செம்பனைத் தண்டை வெட்டிப் பார்த்தால் புறம் கடினமாகவும் உள்ளே நீரூறிய நாராகவும் இருக்கும். உளி வைத்துச் செதுக்க அது இடங்கொடாது. பால்மரத் தண்டோ உளிக்கு இணங்கும். ஒரே ஒருமுறை இரண்டிலும் உளியை வைத்துப் பார்த்த மாணவன் அந்த நூற்பாவை மறப்பானா? வைத்துப் பாராதவன் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான்.

“வைரம் பாய்ந்த உடல்” என்று கட்டுரையில் எழுதும் மாணவனிடம் அது எந்த வைரம் என்று கேட்டால், மோதிரத்துக் கல்லைச் சொல்வான். முற்றிய மரத்தின் நடுவே இறுகி நிற்கும் பகுதியே வைரம் என்பதை அவன் கண்ணால் கண்டதில்லை. இழைத்தல், கடைதல், செப்பம், மெருகு ஆகிய சொற்களைக் கவிதைக்கும் உரைநடைக்கும் தாராளமாக வழங்கும் திறனாய்வாளர் சிலருக்கு இழைப்புளி எது, வாய்ச்சி எது, கொட்டாப்புளி எது என்று சொல்லத் தெரியாது. பொருள் கையை விட்டுப் போனபின் சொல் மட்டும் ஏட்டில் நிற்பதை மொழி வளர்ச்சி என்று கொண்டாடுவது எப்படிப் பொருந்தும்?

மறுப்புரைகள் எழும். புகைக்குழாயைப் போய் எடுத்துக்காட்டாகக் கொள்வதா என்பது முதல் மறுப்பு. புகையிலை எந்த வடிவிலும் நஞ்சே. சுருட்டாயினும் சுங்கானாயினும் வாய்ப்புற்றுக்கு வழி. 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்நாட்டில் பிடியை இன்னும் இறுக்கியுள்ளது, அது நன்று. பள்ளிப் பிள்ளைகள் சுங்கான் செய்ய வேண்டும் என்று இங்கு எவரும் கேட்கவில்லை. போரான் ஏற்றிய ரப்பர்ப் பலகையில் அதைச் செய்வது அறிவுடைமையுமன்று. தீயதொரு பழக்கத்துக்குரிய கருவியைக்கூடச் செதுக்கிச் செப்பனிடுவதில் அறிஞர் சிலர் இத்துணை மதிப்பைக் காண்கையில், பம்பரமும் மத்தும் பல்லாங்குழிப் பலகையும் செய்வது தமிழ் மாணவனுக்கு எப்படி இழிவாகும் என்பதே கேள்வி. புகையை வெறுப்பவர் வெறுக்கட்டும். அதைச் சாக்காக்கி உளியை வெறுக்க வேண்டா.

இரண்டாவது மறுப்பு கனமானது. தமிழகத்தில் 1953இல் இராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியார் முதலானோர் எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. தச்சன் மகன் தச்சன், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளி என்று பிறப்பைக் கொண்டு தொழிலைப் பூட்டும் எந்த ஏற்பாடும் எதிர்க்கத்தக்கதே. ஆனால், பொழுதுபோக்காக உளி பிடிப்பது அப்பூட்டை உடைக்கும் செயல் என்பதைப் பலர் காணத் தவறுகின்றனர். மரவேலை ஆசாரிக்கே உரியது என்ற பழைய எண்ணந்தான், “நமக்கெதற்கு இந்த வேலை?” என்று படித்த வீடுகளில் இன்றும் புது வேடமிட்டு நடமாடுகிறது. கிராணியின் பேரனும் பால்வெட்டியவரின் பேத்தியும் ஒரே பலகையில் அருகருகே இருந்து, கூலிக்காக அன்றி விருப்பத்துக்காகச் செதுக்கும்போது அங்கே குலம் எங்கே நிற்கும்?

செலவைக் காரணம் காட்டுவோரும் உளர். ஒரு சிற்றுளி, ஓர் அரம், இரண்டு தாள் உப்புத்தாள் ஆகியவற்றின் விலை, ஆண்டுவிழாவில் பிரமுகருக்குப் போர்த்தும் பொன்னாடையின் விலையைவிடப் பெரும்பாலும் மிகாது. மரத்துக்கும் பஞ்சமில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பால்மரங்கள் எஞ்சி நிற்கக் காணலாம். உரியவரிடம் கேட்டு, முறிந்த கிளையொன்றைப் பெற்று, அன்றே பட்டை நீக்கிப் பிளந்து, நிழலில் காற்றாட அடுக்கிவைக்க வேண்டும். சில நாள் தாமதித்தால் வெட்டுமுகத்தில் நீலம் பாரித்துவிடும். அப்படிப் பாரித்தாலும் கேடில்லை. பூசணம் என்ற சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுமுன் மாணவர் கையில் அந்தத் துண்டைக் கொடுக்கலாம்.