அப்பாவின் குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது?

‘‘லேப்டாப்பில் போட்டுக் கேட்டால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கிறது சார். அதையே எம்.பி.3 ஆக்கி அனுப்பினால், அத்தை போன் செய்து ‘எங்க அண்ணன் குரலா இது? கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே!’ என்கிறார். நடுநடுவே கரகரவென்று வேறு கேட்கிறது. எங்கே தப்பு செய்கிறோம்?’’

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதம் இப்படித்தான் ஆரம்பித்தது. அவருடைய அப்பா மார்கழி பஜனையில் பாடுகிறவர். கச்சேரிப் பாடகர் இல்லை, தெருவுக்கே தெரிந்த குரல். இரண்டு வருடங்களுக்கு முன்பு, அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பேரன் ஒரு யு.எஸ்.பி மைக் வாங்கி, தாத்தாவை உட்காரவைத்து 11 பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறான். முதலில் ஆர்மோனியம், அதை ஹெட்போனில் கேட்டபடி குரல், கடைசியில் ஜால்ரா. மூன்றும் தனித்தனி டிராக். போன வருடம் அப்பா தவறிவிட்டார். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாள். வரும் உறவினர்களுக்கு அந்தப் பாட்டுகளைக் கொடுக்க வேண்டும். மறுபடி பாடச் சொல்ல ஆள் இல்லை.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, ‘‘ப்ராஜெக்ட் ஃபைல் இன்னும் இருக்கிறதா?’’ என்பதுதான். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பலருக்கும் குழப்பம் வரும் இடம் இது என்பதால், இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழைய ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் நெகட்டிவ் என்று ஒன்று இருக்கும், பிரின்ட் என்று ஒன்று இருக்கும். பிரின்ட் மங்கலாக வந்தால் நெகட்டிவிலிருந்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவே தொலைந்துவிட்டால், மங்கிய பிரின்ட்தான் கதி. வீட்டில் பாட்டு பதிவு செய்யும் ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களிலும் இதே கதைதான். ‘சேவ்’ கொடுக்கும்போது உருவாகும் ப்ராஜெக்ட் ஃபைல்தான் நெகட்டிவ். இப்போதைய ஆடாசிட்டியில் அதன் பெயர் ‘.ஏ.யு.பி.3’ என்று முடியும். ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்கும்போது வெளியே வருகிற எம்.பி.3 வெறும் பிரின்ட். ‘‘எல்லாப் பாட்டும் எம்.பி.3 ஆக இருக்கே, இது எதுக்கு?’’ என்று ப்ராஜெக்ட் ஃபைலை அழித்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய. இவர்கள் வீட்டிலும் அந்தப் பழைய லேப்டாப்பை ஃபார்மேட் செய்து விற்றுவிடலாம் என்று பேச்சு நடந்திருக்கிறது. நல்லவேளை, பேச்சோடு நின்றிருக்கிறது.

அடுத்தது, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. இதற்கு நுட்பமான காது வேண்டியதில்லை. ஒரே பாட்டை இரண்டு விதமாக எக்ஸ்போர்ட் செய்யச் சொன்னேன். ஒன்று ‘வேவ்’ ஃபைல், இன்னொன்று வழக்கமான எம்.பி.3. வேவ் என்பது எதையும் சுருக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே எழுதும் ஃபைல். இரண்டையும் அதே லேப்டாப்பில், அதே ஒயர் ஹெட்போனில் கேட்க வேண்டும். லேப்டாப்பில் ஒன்றைக் கேட்டுவிட்டு, போன் ஸ்பீக்கரில் இன்னொன்றைக் கேட்டு ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது ஸ்பீக்கர்களைத்தான், பாட்டை அல்ல. அதோடு, சில லேப்டாப்களில் சவுண்டை மெருகேற்றும் செட்டிங் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். இந்தச் சோதனைக்கு அதையும் அணைத்துவிடுவது நல்லது.

வேவ் நன்றாக இருந்து எம்.பி.3 மட்டும் கெட்டிருந்தால், சுருக்கியதில் தப்பு. வேவே கெட்டிருந்தால், மிக்ஸிங்கில் தப்பு. இரண்டுமே லேப்டாப்பில் நன்றாக இருந்து அத்தை வீட்டில் மட்டும் கெட்டுப்போனால், அனுப்பிய வழியில் தப்பு.

மறுநாள் பதில் வந்தது. வேவ் ஃபைலில் அந்தக் கிணற்றுச் சத்தம் இல்லை. ஆனால், கரகரப்பு இருக்கிறது. அதாவது, தப்பு ஒன்றல்ல, இரண்டு.

முதலில் கரகரப்பு. மகன் எடிட் செய்யும்போது ‘சோலோ’ பட்டனை அழுத்தி ஒவ்வொரு டிராக்காகக் கேட்டிருக்கிறான். குரலைத் தனியாகக் கேட்டால் சுத்தம். ஆர்மோனியமும் சுத்தம். தனித்தனியாக இரண்டும் நல்ல சத்தமாக, உச்ச அளவைத் தொடுகிற மாதிரி வைத்திருக்கிறான். ஆனால், எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லா டிராக்குகளும் ஒன்றாகக் கூட்டப்படும். டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல் என்பது கூரை. விளிம்பு வரை நிரம்பிய இரண்டு சொம்புத் தண்ணீரை ஒரே சொம்பில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? ஒரே அளவுள்ள இரண்டு டிராக்குகளின் உச்சங்கள் ஒன்றாகச் சேர்ந்தால் 6 டெசிபல் வரை கூடிவிடும். கூரைக்கு மேலே போன ஒலி அலையின் தலை மட்டமாக வெட்டப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பு. இதற்கு ‘கிளிப்பிங்’ என்று பெயர். அப்பா உச்சஸ்தாயிக்குப் போகிற இடங்களில் மட்டும் கரகரத்ததற்குக் காரணமும் இதுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், ஆடாசிட்டி உள்ளுக்குள் 32 பிட் ஃப்ளோட் என்ற கணக்கில் வேலை செய்கிறது. அதில் கூட்டல் கூரையைத் தாண்டினாலும் தகவல் அழிவதில்லை. 16 பிட் வேவ் ஆக வெளியே எழுதும்போதுதான் வெட்டு விழுகிறது. அதனால் நெகட்டிவ் பத்திரம். ஒவ்வொரு டிராக்குக்கும் இடப்பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் இருக்கும். மூன்றையும் 8 டெசிபல் போல இறக்கி, சேர்த்து ஓடவிட்டு, மேலே இருக்கும் மீட்டர் சிவப்பைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். உச்சம் 0-க்கு 1 டெசிபல் கீழேயே நின்றால் நல்லது. எம்.பி.3 ஆக மாறும்போது உச்சங்கள் கொஞ்சம் ஏறும், அதற்கு இடம் வேண்டும். ‘சத்தம் குறைந்துவிட்டதே’ என்று லிமிட்டரைத் தேட வேண்டாம். பாட்டு மெதுவாகக் கேட்டால், கேட்கிறவர் வால்யூமைக் கூட்டிக்கொள்வார். கரகரப்பை யாராலும் குறைக்க முடியாது.

சோலோவைப் பற்றி இன்னொன்று. அந்த பட்டனை அழுத்தியது அழுத்தியபடியே எக்ஸ்போர்ட் செய்தால், அந்த ஒரு டிராக் மட்டும்தான் வெளியே வரும். ‘மியூட்’ செய்த டிராக் வராது. ‘ஜால்ராவையே காணோம்’ என்று அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி கிணறு. எம்.பி.3 ஆக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் ‘குவாலிட்டி’ என்று ஒரு எண் இருக்கும், கே.பி.பி.எஸ் கணக்கில். ஒரு நொடிப் பாட்டை எழுத எவ்வளவு டேட்டா செலவழிக்கலாம் என்று நாம் கொடுக்கும் படி அது. ஸ்டீரியோ சி.டி-யில் ஒரு நொடிக்கு 1,411 கே.பி.பி.எஸ். மகன் 64 வைத்திருந்தான். அதாவது, சுமார் 22-ல் ஒரு பங்கு. ‘‘சின்ன ஃபைலா இருந்தா எல்லாருக்கும் சீக்கிரம் போகும்னு நினைச்சேன்’’ என்றானாம். 4 நிமிடப் பாட்டு 2 எம்.பி-க்குள் அடங்கிவிட்டது, உண்மைதான். அடங்கியதற்குக் கொடுத்த விலைதான் அந்தக் கிணறு.

எம்.பி.3 நம் காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு, சில சத்தங்களைக் கழித்துவிடுகிறது. படி தாராளமாக இருந்தால் கழித்தது தெரியாது. இறுக்கிப் பிடித்தால், முதலில் அடிவாங்குவது உயர்ந்த சத்தங்கள். ‘ச’, ‘ஷ’ வரும் இடங்கள் மழுங்கும். ஜால்ராவின் ‘ஜல்’ ஓசை தண்ணீர் சலசலப்பாக மாறும். வீட்டு பஜனைப் பாட்டு எம்.பி.3-க்குக் கொஞ்சம் கஷ்டமான சரக்கு என்றே சொல்லலாம். தனிக்குரலும் அப்படித்தான். எம்.பி.3-ஐ உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பக்கவாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துத்தான் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்துத் திருத்தினார். ஆரம்பத்தில் அந்தக் குரல் சகிக்க முடியாமல் ஒலித்ததாம். மறைந்துகொள்ள வேறு சத்தம் இல்லாத இடத்தில், சின்னக் குறையும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆகவே, 64-ஐ 320 ஆக்கச் சொன்னேன். 4 நிமிடப் பாட்டு 10 எம்.பி-க்குள் வரும். இன்றைய போன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்திலேயே ‘சாம்பிள் ரேட்’ இருக்கும், 44,100 அல்லது 48,000 இருக்கட்டும். தவறி 8,000 என்று வைத்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எல்லா ஒலியும் போய், பழைய லேண்ட்லைனில் பேசுவதுபோல ஆகிவிடும். முக்கியமாக, ஏற்கெனவே கெட்டுப்போன எம்.பி.3-ஐத் திறந்து 320-ல் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யக் கூடாது. கழித்தது கழித்ததுதான், திரும்பி வராது. ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து, அங்கிருந்து புதிதாக எடுக்க வேண்டும்.

அனுப்புகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். சில வீடுகளில் பாட்டோடு ஒரு போட்டோவைச் சேர்த்து வீடியோ ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வீடியோவை வாட்ஸ்அப் மறுபடி சுருக்கும், அதோடு பாட்டும் சுருங்கும். பேப்பர் கிளிப் அடையாளத்தைத் தொட்டு, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பத்தியில் மருந்து இல்லை.

ப்ளூடூத் ஹெட்செட் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு நேர்மாறான குழப்பம் வரும். பதிவுக்கு அந்த ஹெட்செட்டின் மைக்கையே தேர்ந்தெடுத்தால், பல லேப்டாப்களில் ஹெட்செட் ‘போன் பேசும்’ முறைக்கு மாறிவிடும். அப்போது பாட்டு மென்பொருளில் மட்டமாகவும், வெளியே எடுத்த ஃபைல் நன்றாகவும் கேட்கும். இது தெரியாமல் ஒரு முழு சாயங்காலம் நான் மிக்ஸைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தியதெல்லாம் வீண்.

வாசகியின் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை ஊருக்கு வந்து, பழைய லேப்டாப்பைத் திறந்து, 11 ப்ராஜெக்ட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்திருக்கிறான். ஒன்பது பாட்டுகள் சுத்தமாக வந்துவிட்டன. வேவ் ஃபைலாகவும் எடுத்து, ப்ராஜெக்ட்டோடு சேர்த்து இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை அத்தை வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டுக்கு 40 எம்.பி என்றாலும், 11 வேவ் ஃபைல்களுக்கு அரை ஜி.பி-கூட ஆகாது.

இரண்டு பாட்டுகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பதிவு செய்த அன்று ஃபேன் சத்தம் விழுந்திருக்கிறது என்று, அந்த இரண்டிலும் மகன் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ எஃபெக்ட்டை அழுத்தமாகப் போட்டு, சேவ் செய்து மூடிவிட்டான். அந்த எஃபெக்ட் நெகட்டிவையே சுரண்டும் வேலை. மூடிய பிறகு ‘அன்டூ’ கிடையாது. ஃபேனோடு சேர்ந்து அப்பாவின் மூச்சும், வார்த்தை முடியும் இடங்களின் இழைவும் போய்விட்டன. ‘‘மத்த பாட்டுக்கும் போடணும்னு இருந்தேன், பரீட்சை வந்துடுச்சு, விட்டுட்டேன்’’ என்றானாம். அந்தப் பரீட்சைக்கு நன்றி.

போன வாரம் வாசகி மறுபடி எழுதியிருந்தார். அத்தைக்குப் புது ஃபைலை டாக்குமென்டாகவே அனுப்பியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போன் செய்த அத்தை, கரகரப்பைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லையாம். ‘‘கூடத்து ஃபேன் அப்படியே கடகடன்னு ஓடுதேடி’’ என்றாராம்.