கோரிக்கை மனு: தோட்டக் குடியிருப்பு வரை காலை, மாலை அரசுப் பேருந்து இயக்கக் கோருதல்

அனுப்புநர்
செயலாளர்,
தாயகம் திரும்பியோர் குடியிருப்பு மக்கள் சங்கம்,
பந்தலூர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: முச்சந்தியில் திரும்பும் பேருந்தை லயன் குடியிருப்பு வரை நீட்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் உரிய அலுவலகத்தில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசாலேயே இம்மலையில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் சார்பிலும், ஜார்க்கண்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வந்து எங்களோடு லயன்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வசிப்போரின் சார்பிலும் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

முதல் மனுவில், பேருந்து நிற்கும் முச்சந்திக்கும் எங்கள் லயனுக்கும் இடையே 4 கிலோமீட்டர் என்று எழுதினோம். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாம் மனுவில் அதையே விரித்து, 62 பேர் கையொப்பத்துடன் அளித்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி வந்தது. மூன்றாம் மனுவுக்கு, ‘வருவாய் இல்லாத தடம், சாலை தோட்டத்துக்குச் சொந்தமானது, எனவே இயலாது’ என்று பதில் வந்தது. இவ்விரு காரணங்களுக்கும் எங்கள் மறுமொழியைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறோம்.

கோரிக்கை 1: காலையும் மாலையும் ஒவ்வொரு நடை லயன் வரை வந்து திரும்ப வேண்டும்.

முச்சந்தியிலிருந்து முதல் பேருந்து காலை 6.40க்குப் புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்தது 10 மணிக்கு. மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் 5.30க்கே லயனை விட்டு இறங்குகிறார்கள். எங்கள் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. ‘விடியும் முன்னும் இருட்டிய பின்னும் வெளியே நடமாட வேண்டாம்’ என்று வனத்துறையினர் ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டால் பேருந்து போய்விடும். பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் எச்சரிக்கையை மீற வேண்டும். இதில் எதைச் செய்யச் சொல்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி, பையில் புத்தகத்தோடு ஒரு தகரத் தட்டும் கரண்டியும் கொண்டுபோகிறாள். வளைவு வரும்போதெல்லாம் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, நின்று காது கொடுத்துக் கேட்டபின்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். 2024 ஜனவரியில் பந்தலூர் வட்டத்தில், தாயுடன் வந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம் அது. அதன்பிறகு எங்கள் லயன்களில் சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை. தாய் உடன் நடக்கிறாள். திரும்பி வரும்போது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரம் கடந்து அன்றைய கூலியை இழக்கிறாள். மருத்துவமனைக்கு ஜீப் பிடித்தாலும் அரைநாள் கூலி போய்விடுகிறது.

‘வருவாய் இல்லை’ என்ற காரணத்தை இனி ஏற்க முடியாது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2024–25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் விடியல் பயணத் திட்டம் எனப்படும் அது எங்கள் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பெண்கள் செலுத்தாத கட்டணத்தை அரசே மானியமாக ஈடுசெய்கிறது. எங்கள் தடத்தில் ஏறப்போகிறவர்களில் பெரும்பாலோர் கொழுந்து பறிக்கும் பெண்களும் பயண அட்டை வைத்துள்ள மாணவர்களுமே. நடத்துநரின் பையில் விழும் காசை வைத்து மட்டும் இத்தடத்தை அளந்தால், அத்திட்டத்தின் நோக்கமே அடிபட்டுப் போகும். மலைப்பகுதிக்கென்று தனியே அறிவித்து நீட்டித்த உரிமை, பேருந்தே வராத இடத்தில் காகிதத்தில்தான் இருக்கிறது. அத்திட்டம் எங்களுக்கும் உரியது என்றால் பேருந்தும் எங்களுக்கு உரியது. இம்மனுவின் ஆதாரம் இதுவே.

‘சாலை தோட்டத்துக்குச் சொந்தம்’ என்பது இரண்டாவது காரணம். இதே சாலையில் கொழுந்து லாரி நாள்தோறும் ஏறி இறங்குகிறது. வாக்குப்பெட்டி வந்ததும் இதே சாலையில்தான். தோட்ட நிர்வாகத்திடம் தடையின்மைச் சான்று பெறுவதும், ஊராட்சி மூலம் இரு வளைவுகளைச் செப்பனிடுவதும் தங்கள் ஓர் உத்தரவில் நடக்கக்கூடியவை. பெரிய பேருந்து திரும்ப இடமில்லை என்றால் சிறிய பேருந்து விட்டாலும் போதும்.

எனவே போக்குவரத்து, வருவாய், வனம், ஊராட்சி ஆகிய துறைகளின் கூட்டுப் புலத்தணிக்கைக்கு ஆணையிட வேண்டுகிறோம். அத்தணிக்கையைப் பகலில் ஜீப்பில் வந்து முடித்துவிடாமல், காலை 5.30க்கு லயனிலிருந்து பிள்ளைகளோடு நடந்தே நடத்தக் கோருகிறோம்.

இதர கோரிக்கைகள்:

2. முச்சந்தியில் பயணிகள் நிழற்குடை அமைத்தல்.

3. நிறுத்தத்தில் கால அட்டவணை வைத்தல். வடமாநிலத் தொழிலாளரும் அடையாளம் காணத் தடஎண்ணைப் பெரிதாக எழுதுதல்.

4. முச்சந்தி முதல் லயன் வரை சூரிய மின்விளக்குகள் பொருத்துதல்.

5. ரேஷன் பொருள் வழங்கும் நாட்களில் கூடுதலாக ஒரு நடை இயக்குதல்.

6. 108 ஆம்புலன்ஸ் லயன் அருகே திரும்ப இடம் ஒதுக்குதல்.

இரண்டு முதல் ஆறு வரையிலான கோரிக்கைகளுக்குக் காலம் பிடிக்கலாம், பொறுத்திருக்கிறோம். முதல் கோரிக்கையின் மீது மட்டும், முடியும் அல்லது முடியாது என்பதைக் காரணத்துடன் எழுத்துப்பூர்வமாக 30 நாட்களுக்குள் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம். பள்ளி திறக்கும் நாளில் அந்த மாணவி தகரத் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்க உறுப்பினர்களுக்காக)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், கையொப்பப் பட்டியல்.