பயிற்சி யாருக்கு?

பணியிடத்து மன உளைச்சலைத் தணிக்க, இன்று பல நிறுவனங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. மூச்சைச் சீராக்கவும் மனத்தை ஒருமுகப்படுத்தவும் கற்பிக்கின்றன. நன்றே! ஆயினும், உளைச்சலின் ஊற்று எங்குள்ளது என்று நாம் வினவ வேண்டாமா?

பொறுப்பு மிகுந்த உயர் அதிகாரிகளையே இதய நோய் மிகுதியாகத் தாக்கும் என எண்ணுகிறோம். இங்கிலாந்தில் 1967-இல் தொடங்கிய ‘ஒயிட்ஹால்’ ஆய்வோ, ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியரிடையே இதற்கு நேர்மாறானதைக் கண்டது. அந்நோயால் மடிந்தோர் விகிதம் கடைநிலை ஊழியரிடையேதான் மிகுந்திருந்தது. புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் அவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு மற்றொரு காரணத்தையும் சுட்டியது: தம் வேலையைச் செய்யும் முறையில் தமக்கென உரிமை இல்லாமை.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், மேலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் பணிச்சூழலைச் சீர்படுத்தவும் பரிந்துரைக்கின்றன.

நம்முள் மேற்பார்வையாளராய், தலைமையாசிரியராய், கடை உரிமையாளராய் இருப்போர் பலர். நாளைக் காலை நம்கீழ்ப் பணிபுரிவோரிடம், “இவ்வேலையை எவ்வாறு செய்தால் உங்களுக்கு எளிதாகும்?” என்று கேட்போம். கேட்டபின் அதன்படி ஒன்றையேனும் மாற்றுவோம். அதுவே முதற்பயிற்சி.