கல்லாவில் இருந்தவர்கள்

மோட்டாரில் அமர்ந்தபடியே சிற்றுண்டி அருந்தும் விநோதத்தைச் சென்னைவாசிகளுக்குப் பழக்கிய கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 1962 முதல் நடந்துவந்து 2008இல் மூடப்பட்டபோது, பத்திரிகைகள் விஸ்தாரமாக அநுதாபம் தெரிவித்தன. அந்த நிலத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா அமைந்த பின்னரும் அதை நினைத்து ஏங்குவோர் பேச்சு அடங்கவில்லை. பிரபல ஸ்தாபனங்களுக்கு இந்தப் பாக்கியம் உண்டு. வடபழனி ஆற்காடு சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இருந்து மறைந்த சிறு கடைகளுக்கு அது வாய்க்கவில்லை. மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்ட நிலையம், காப்பிக்கொட்டையை வறுத்துக் கண்ணெதிரே அரைத்துத் தந்த கடை, வார இதழ்களையும் தொடர்கதை பைண்டுகளையும் வாடகைக்குக் கொடுத்த லெண்டிங் லைப்ரரி, கேட்ட பாட்டைக் காஸெட்டில் பதிந்து தந்த மியூஸிக்கல்ஸ், ஒரு பாய்லரும் இரண்டு பெஞ்சுகளுமே மூலதனமாகக் கொண்ட டீக்கடை ஆகிய இவையெல்லாம் தனித்தனியே, வெவ்வேறு ஆண்டுகளில், எவர் கவனத்தையும் கவராமல் கதவடைத்துக்கொண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அண்ணாசாமி நாயக்கர் என்ற பக்தர் ஓலைக் கொட்டகையில் முருகனைப் பூஜித்த இடம், பெரிய கோயிலாக வளர்ந்து வடபழனிக்குப் பிரசித்தி தேடித் தந்தது. 1948இல் மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியிலிருந்து ஏ.வி.எம். ஸ்டூடியோவை இங்கே கொண்டுவந்தார். ஆசியாவிலேயே பெரியது என்று கீர்த்தி பெற்ற நாகிரெட்டியின் விஜயா-வாஹினியும் இதே சாலையில் செழித்தது. கோயிலை நம்பிப் பூக்கடைகள் பெருகியதைப் போலவே, ஸ்டூடியோக்களை நம்பி மெஸ்களும் டீக்கடைகளும் தையற்கடைகளும் பெருகின. ஒரு சிறு வேஷமாவது கிடைக்காதா என்று காத்திருந்த துணை நடிகர், கதை சொல்ல அழைப்பு வருமென்று நம்பியிருந்த உதவி டைரக்டர், படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கையில் காசில்லாத லைட்மேன் முதலியோருக்கு மாதக் கணக்கில் அன்னம் அளித்தது எந்த வங்கியும் அன்று. கல்லாவின் ஓரத்தில், நூலில் கட்டிய பென்ஸிலோடு கிடந்த கணக்கு நோட்டுதான்.

சொந்தக் கடையின் விசேஷம் முழுவதும் அந்த நோட்டில் அடங்கியிருந்தது என்பது நமது அபிப்பிராயம். நயமான சரக்கும் சகாயமான விலையும் இன்றைய பெரிய அங்காடிகளிலும் கிடைக்கின்றன. சுத்தத்தில் அவை மேலானவை என்றும் சொல்லலாம். ஆனால், எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்து, இவனுக்குக் கடன் கொடுக்கலாம், இவனிடம் இந்த மாதம் கேட்க வேண்டாம், இவன் பாக்கியில் பாதியைத் தள்ளிவிடலாம் என்று எவரையும் கலந்துகொள்ளாமல் அந்தக் கணமே தீர்மானிக்கும் அதிகாரம் கல்லாவில் இருந்தவருக்கு இருந்ததே, அது இன்று எந்தக் கவுண்ட்டரிலும் இல்லை. லாபமும் நஷ்டமும் தம்முடையதாக இருந்தபடியால் அவரால் தாட்சண்யம் காட்ட முடிந்தது. பல கிளைகள் கொண்ட கடையில் பில் போடும் இளைஞர் அவரைவிட இளகிய மனம் படைத்தவராகவே இருக்கலாம். எனினும் இரண்டு ரூபாய் குறைந்தால், அதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை.

இதனால் மறைந்தவை அனைத்தும் புண்ணிய க்ஷேத்திரங்கள் என்று நாம் சொல்லுவதாக வாசகர்கள் கொள்ளலாகாது. கல்லாவின் தன்னிச்சையான அதிகாரம், வேண்டியவனுக்கு ஒரு நிறை, வேண்டாதவனுக்கு ஒரு நிறை என்று கோணியதும் உண்டு. பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்பு பெரியார் மறியல் நடத்த நேர்ந்ததை மறந்துவிட்டுப் பழைய காப்பி கிளப்புகளைப் புகழ்வது நேர்மையாகாது. யார், எவர் என்று கேளாமல் எல்லோருக்கும் ஒரே விலையில் பில் போடும் இயந்திரத்துக்கு அந்த அளவில் நாம் கடமைப்பட்டவர்களே. பாரபட்சம் போனது நல்லது. அதோடு சேர்ந்து தாட்சண்யமும் போனதற்குத்தான் வருந்துகிறோம்.

அந்தக் கடைகள் போனதற்குக் காரணங்கள் பல. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தது. அற்ப வாடகையால் கட்டடச் சொந்தக்காரர்கள் பலர் அவதியுற்றதும் உண்மை. 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்துள்ள சட்டமோ, எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் கெடுவையும் பிரதானமாக்கிவிட்டதால், வாய்வார்த்தையையே ஆதாரமாகக் கொண்டு நடந்த கடைகள் நிலை தளர்ந்தன. விஜயா-வாஹினி ஸ்டூடியோ வளாகத்தில் 1972இல் விஜயா ஆஸ்பத்திரியும் 2013இல் பெரிய மாலும் எழுந்தன, ஏ.வி.எம். ராஜேஸ்வரி தியேட்டரும் போயிற்று. அவற்றை நம்பிய கூட்டமும் கலைந்தது. 2015இல் வடபழனிக்கு மெட்ரோ ரயில் வந்தது; கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் இரண்டாம் கட்டத் தடத்துக்காக ஆற்காடு சாலையில் தடுப்புகள் எழுந்தபோது, வண்டி நிறுத்த இடமின்றி வாடிக்கைக்காரர்கள் வேறு திசையில் சென்றார்கள். இவ்வளவையும் தாங்கிய கடைக்காரரின் மகன், தகப்பனார் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பட்ட சிரமத்தைப் பார்த்தே வளர்ந்தவனாகையால், கல்லாவில் உட்கார இசையவில்லை. அவனைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

எஞ்சியிருப்பவற்றையேனும் காப்பது சாத்தியமான காரியமே. அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம், முப்பது ஆண்டுகள் நடந்துவந்த சொந்தக் கடைகளுக்கென்று 2015இல் ஒரு பதிவேட்டை ஏற்படுத்தி, நீண்ட கால ஒப்பந்தம் அளிக்கும் கட்டடச் சொந்தக்காரர்களுக்கும் மானியம் வழங்க முன்வந்தது. நம் மாநிலத்தில் 2012இல் இயற்றப்பட்ட பாரம்பரிய ஆணையச் சட்டம் கட்டடங்களைக் கருதுகிறதேயன்றி, அவற்றினுள் நடக்கும் ஜீவனோபாயத்தைக் கருதவில்லை. சென்னை மாநகராட்சி வார்டுதோறும் இத்தகைய பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். மெட்ரோ பணிக்காக எடுக்கும் நிலத்துக்கு விலை கணக்கிடுவது போலவே, தடுப்புகளுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் வியாபாரம் இழக்கும் வாடகைக் கடைக்காரருக்கும் நஷ்டஈடு கணக்கிட வேண்டும். இவை சர்க்கார் செய்யவேண்டியவை. நமது தெருவில் முதலாளியே கல்லாவில் அமர்ந்திருக்கும் கடை எது என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். கைபேசியில் பத்து நிமிஷத்தில் வரவழைத்துக்கொள்ளும் சாமானில் ஒரு பங்கையாவது அங்கே சென்று வாங்குவதும், வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் தீர்ப்பதும், எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் இந்த வாரமே நாம் செய்யக்கூடியவை.