அமில மழையா, அமில மண்ணா? கல்வராயன் மலை விவசாயிகள் கவனிக்க வேண்டியது

மழை பெய்த சில நாளில் மரவள்ளி இலை மஞ்சளித்துவிட்டால், "இது அமில மழையாக இருக்குமோ, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கும் விவசாயிகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அனல்மின் நிலையங்கள் பற்றிய செய்திகளே இந்தக் கவலைக்குக் காரணம். கவலையில் நியாயம் உண்டு. ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் உங்கள் பணம்தான் வீணாகும்.

அமில மழை எப்படி உருவாகிறது?

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறது. மின் நிலையங்களும் வாகனங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடுகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறி மழையில் இறங்குகின்றன. தூய்மையான காற்றில் பெய்யும் மழையின் கார அமில நிலை (பி.எச்.) சுமார் 5.6. இதற்குக் கீழே போனால் அமில மழை என்கிறோம். பி.எச். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது என்று பொருள்.

நம் நாட்டு நிலவரம்

நம் மண்ணிலிருந்து எழும் சுண்ணாம்புச் சத்துள்ள புழுதி, மழையிலுள்ள அமிலத்தைப் பெருமளவு முறித்துவிடுகிறது. அதனால்தான் ஐரோப்பாவைப் போல இங்கே பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கொடைக்கானல் உட்பட 10 இடங்களில் 1987 முதல் 2021 வரை எடுத்த மழைநீர் அளவீடுகளில், பெரும்பாலான இடங்களில் பி.எச். படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. நமக்குக் கிடைத்த பாதுகாப்பு மெல்லக் கரைகிறது என்பதே இதன் பொருள்.

அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகைபோக்கி உயர நிபந்தனையுடன் விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது. தலைநகர் வட்டாரம் அல்லது 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலிருந்து 10 கி.மீ.க்குள் இருப்பவற்றுக்குக் கட்டாயம் தொடர்கிறது. மாசு மிகுந்த பகுதிகளில் உள்ளவற்றைத் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுப்பார்கள். இந்த அளவுகோல் நகரத்து மக்களின் மூச்சை வைத்துப் போடப்பட்டது. மண்ணை வைத்து அல்ல. உயரமான புகைபோக்கி அருகிலுள்ள ஊரைக் காக்கும். ஆனால் புகையைத் தொலைவுக்கு அனுப்பிவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு மேற்கே மேட்டூர், கிழக்கே நெய்வேலி. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்தும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்குப் பக்கமிருந்தும் வருகிறது. இதை வைத்து மட்டும் இங்கே அமில மழை பெய்கிறது என்று சொல்லிவிட முடியாது. மலையில் மழைநீரைத் தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு இது போதுமான காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர். அத்தனையும் பி.எச். 4.5 உள்ள அமில மழை என்றே வைத்துக்கொள்வோம். அதிலுள்ள அமிலத்தை முறிக்கச் சுமார் 6.5 கிலோ சுண்ணாம்புத்தூள் போதும். 100 கிலோ யூரியா மண்ணில் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கச் சுமார் 80 கிலோ சுண்ணாம்புத்தூள் தேவை. அமோனியம் சல்பேட்டுக்கு 110 கிலோ. அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று, அந்த ஓராண்டு மழையைவிட 5 மடங்குக்கு மேல் அமிலத்தை உண்டாக்க வல்லது.

அப்படியென்றால் மழையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வயலில் குறையை நாம் சரிசெய்துகொள்ளலாம்; காட்டுக்கு யாரும் சுண்ணாம்பு போடுவதில்லை. அங்கே சிறிது சிறிதாகச் சேரும் அமிலம் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். மலைச் சரிவில் மண் ஆழம் குறைவு என்பதால் தாங்கும் சக்தியும் குறைவு.

மண் அமிலமானால் என்ன ஆகும்?

பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். நீங்கள் போடும் மணிச்சத்து மண்ணிலேயே கட்டிப்போய்விடும். உளுந்து, துவரை போன்ற பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் குறையும். உரம் போட்டும் பயிர் எழும்பாது. 'இன்னும் ஒரு மூட்டை' என்று யூரியாவைக் கூட்டினால் நிலைமை மேலும் மோசமாகும்.

என்ன செய்யலாம்?

1. அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனை செய்யுங்கள். ஏக்கருக்கு 10 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் குழி எடுத்து, நெல்லுக்கு 15 செ.மீ., மரவள்ளி, கரும்புக்கு 22.5 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டிக் கலந்து அரை கிலோ அனுப்புங்கள்.

2. பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் மட்டும், பரிசோதனையில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்புத்தூள் இடுங்கள். மக்னீசியமும் குறைவாக இருந்தால் டோலமைட் நல்லது. விதைப்புக்கு 2 முதல் 3 வாரம் முன்பே இட்டு உழுதுவிடுங்கள்.

3. சுண்ணாம்பையும் யூரியா அல்லது அமோனியம் சல்பேட்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

4. சமவெளி விவசாயிகள் பார்த்துச் சுண்ணாம்பு போட வேண்டாம். உங்கள் மண் ஏற்கெனவே காரமாக இருந்தால் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறைதான் கூடும்.

5. தொழுவுரத்தை விடாதீர்கள். மண் சட்டென்று அமிலமாகாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

6. இலை மஞ்சளித்தால் முதலில் தேமல் நோய், வெள்ளை ஈ, நீர் தேங்கல், சத்துக் குறைபாடு ஆகியவற்றைப் பாருங்கள். மழை நேரடியாக இலையைக் கருக்க பி.எச். சுமார் 3 வரை இறங்க வேண்டும். 'அமில மழைக்கு மருந்து' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

புகையைக் கட்டுப்படுத்துவது அரசின் கையில் இருக்கிறது. அதைக் கிராம சபையில் கேளுங்கள். மலையில் மழைநீர் அளவீடு வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். யூரியா மூட்டை உங்கள் கையில் இருக்கிறது. அதை அவிழ்க்கும் முன் மண் பரிசோதனை முடிவைப் பாருங்கள்.