சொற்போருக்கு இங்கிலீஷ்தான் வேண்டுமா?

உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி என்பதாக ஒன்று 1988-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் ஆரம்பிக்கப்பட்டு நடந்து வருகிறது. ஒவ்வொரு தேசமும் ஐந்து பிள்ளைகள் வரை கொண்ட ஒரு குழுவை அனுப்புகிறது. 2019-ல் பாங்காக் நகரில் நடந்த போட்டியில் இந்தியப் பிள்ளைகள் வென்றார்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்து கோட்டைத் தாண்டினால் பட்டாசு கொளுத்துகிற நாட்டில் இந்த வெற்றியை எத்தனை பேர் அறிவார்கள்? திருப்போரூர்க் கடைவீதியில் நின்று கேட்டுப் பாருங்கள்.

அங்கே வாதம் நடக்கும் மாதிரியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கட்சிக்கு மூன்று பேர். ஒருவருக்கு எட்டு நிமிஷம். எந்தக் கட்சி பேசுவது என்பது பிள்ளையின் இஷ்டமல்ல. கொடுத்த கட்சியைப் பேசியாக வேண்டும். சில விவாதங்களுக்குத் தலைப்பையே ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சொல்லுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கைபேசியும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. எல்லாவற்றிலும் மேலானது, முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் போக நடுவில் உள்ள ஆறு நிமிஷங்களில் எதிர்க்கட்சிப் பிள்ளை எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்பது. ஒரு கேள்வியையும் ஏற்காமல் நழுவுகிறவனுக்கு மார்க்குக் குறையும்.

நம் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியின் யோக்கியதை என்ன? வாத்தியார் எழுதிக் கொடுப்பார். பிள்ளை நெட்டுருப் போடும். மேடையில் கைகளை வீசி ஒப்பிக்கும். நடுவில் ஒரு வரி மறந்தால் கண்ணைக் கசக்கிக் கொண்டு இறங்கிவிடும். அந்தப் பேச்சின் நடுவே இன்னொரு பிள்ளை எழுந்து, "நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால் அதற்குப் பரிசா கொடுப்பார்கள்? அதிகப்பிரசங்கி என்று பெஞ்சு மேல் ஏற்றுவார்கள்.

வாதம் நமக்கு அன்னியச் சரக்கு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கற்றவர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி கட்டி வைத்திருந்தார்கள் என்று பட்டினப்பாலை சொல்லுகிறது. அப்புறம் வந்த பெரியபுராணத்தில் வாதம் எப்படி ஆயிற்று? எவன் ஏடு நெருப்பில் வேகவில்லை, எவன் ஏடு வைகையை எதிர்த்துப் போயிற்று என்பதே தீர்ப்பு. தோற்றவர்களுக்குக் கழு மரம். ஏட்டில் எழுதியிருந்தது சரியா தப்பா என்று கேட்பார் அங்கே யாருமில்லை.

நிற்க. முருகன் ஆகாயத்தில் அசுரரோடு போர் செய்த ஊர் என்று திருப்போரூருக்குத் தலபுராணம் சொல்லுகிறார்கள். ஆகாயத்துப் போர் கிடக்கட்டும். சொற்போருக்கு ஒரு தலைப்பு இங்கேயே கிடைக்கிறது. 2024 டிசம்பரில் இவ்வூர்க் கந்தசாமி கோயில் உண்டியலைத் திறந்தபோது ஒரு பக்தர் கைதவறி விட்ட ஐபோன் அகப்பட்டது. அவர் திருப்பிக் கேட்டதற்கு, உண்டியலில் விழுந்தது கோயிலுக்கே சொந்தம், வேண்டுமானால் உள்ளிருக்கும் விவரங்களை எடுத்துக் கொள்ளலாம் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. காணிக்கை என்பது மனதில் இருக்கிறதா, உண்டியல் துவாரத்தில் இருக்கிறதா? ஒரு மணி நேரம் கொடுத்து நம் பிள்ளைகளை வாதிடச் சொல்லுங்கள். நம் கூட்டத்துப் பிள்ளைக்குக் கோயில் கட்சியே கிடைக்கட்டும். நம்பாத கட்சியைப் பேசுவது பொய் பேசுவதாகாதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். எதிரியின் நியாயம் இன்னதென்று அவன் சொல்வதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவன், அதை மறுத்துவிட்டதாக எப்படிச் சொல்லிக் கொள்ள முடியும்?

இனி அயல்நாட்டுப் பிரயாணத்துக்கு வருவோம். அந்த உலகப் போட்டி முழுவதும் இங்கிலீஷில் நடக்கிறது. இங்கிலீஷ் தாய்மொழியல்லாத குழுக்களுக்கென்று தனிப் பரிசே வைத்திருக்கிறார்கள். பாஷையின் பாரத்தை அவர்களே ஒப்புக் கொள்ளுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? தையூரிலும் இள்ளலூரிலும் நெம்மேலிக் குப்பத்திலும் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு அந்த விமானத்தில் இடம் ஏது? ஒரு காலத்தில் சமஸ்கிருதம் தெரியாதவன் வாதசபைக்கு அருகனல்ல என்றார்கள். இப்போது பாஷை மாறியிருக்கிறது, வாசற்படி மாறவில்லை. இங்கிலீஷ் படிக்க வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை, நன்றாகப் படிக்கட்டும். புத்திக்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள் என்கிறோம்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கத்தார் நாட்டார் அரபு மொழியிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்வதேச விவாதப் போட்டி நடத்துகிறார்கள். ஸ்பானிய மொழியில் கல்லூரி மாணவர்களுக்கு உலகப் போட்டி இருக்கிறது. தமிழுக்கு என்ன குறை? சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அது ஆட்சிமொழி; மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணும் கோலாலம்பூர்ப் பையனும் எழுந்து கேள்வி கேட்க, திருப்போரூர்ப் பிள்ளை பதில் சொல்லக் கூடாதா?

பணமில்லை என்பார்கள். 2022 நவம்பரில் வினாடி வினாப் போட்டியில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டு அரசு துபாய்க்கும் சார்ஜாவுக்கும் அழைத்துப் போகவில்லையா? அதே வருஷம், திருப்போரூருக்குத் தெற்கே பஸ்ஸில் போகிற தூரத்தில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கு மேற்பட்ட நாடுகள் வந்தன. மார்ச்சில் முடிவு செய்து ஜூலைக் கடைசியில் ஆரம்பித்தார்கள். காய் நகர்த்த ஐந்து மாதத்துக்குள் செய்ய முடிந்ததை, வாய் திறக்க இரண்டு வருஷத்திலாவது செய்ய முடியாதா? முதலில் திருப்போரூர் ஒன்றியத்துப் பள்ளிகளுக்குள் குறுக்குக் கேள்வி விதியோடு நடத்தட்டும். நெட்டுருப் பேச்சுக்கு மார்க்கு இல்லை என்று சுற்றறிக்கை போடட்டும். நடுவர்களாக ஊர்ப் பிரமுகர்களை மட்டும் கூப்பிட வேண்டாம்.